நிரலும் புலமும்: வடிவமைத்த எழுத்தில் இடமறிதல் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

உருவம், உள்ளடக்கம் ஆகியவற்றுக்கிடையேயான உறவு கலை இலக்கியத் துறைக்கு மட்டும் உரிய பிரச்சினையன்று. கணனி அச்சிடும் சம்பளப் பட்டியலிலும் அது உண்டு. தொகைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்க, அவற்றின் தசமப் புள்ளிகள் ஒரே நேர்கோட்டில் அமைகின்றன. எழுதப்பட்ட வரியினுள் முழுவெண் எங்கே முடிகிறது, பின்னம் எங்கே தொடங்குகிறது என்பதைப் பொறி எவ்வாறு அறிகிறது? தொழில்நுட்ப வினாவாகத் தோன்றும் இதற்கு ஒரு சமூக வரலாறு உண்டு.

அவ்வரலாறு துளை அட்டையுடன் தொடங்குகிறது. ஹேர்மன் ஹொலரித்தின் துளை அட்டைப் பொறிகள் 1890இல் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் குடிசன மதிப்பீட்டிற் பயன்படுத்தப்பட்டன. 1928இல் ஐ.பி.எம். நிறுவனம் எண்பது நிரல்கள் கொண்ட அட்டையை அறிமுகப்படுத்தியது. அடுத்தடுத்த சில நிரல்களின் தொகுதியே ‘புலம்’ எனப்பட்டது. ஒரே இலக்கம் ஒரு புலத்தில் தொழிலாளியின் பதிவெண்ணாகவும் பிறிதொன்றிற் கூலியாகவும் பொருள்பட்டது. பொருளை நிர்ணயித்தது இடமே. அந்த இடமோ வேலை தொடங்குமுன்னரே நிருவாகத்தினால் வகுக்கப்பட்டுவிட்டது. துளையிடும் பணியைச் செய்தோரிற் பெரும்பாலோர் பெண்கள். அவர்கள் கைகளின் வேகமும் ஒழுங்கும் அந்த நிரல்களாலேயே அளக்கப்பட்டன.

அட்டையின் ஒழுங்கு செய்நிரல் மொழிகளினுள்ளும் புகுந்தது. ஜோன் பேக்கஸ் தலைமையில் உருவாகி 1957இல் வெளிவந்த ஃபோர்ட்ரான் மொழியில், ஓர் எண்ணுக்குப் பத்து இடங்கள், அவற்றுள் தசமத்தின்பின் மூன்று என முன்கூட்டியே விதிக்கப்படும். 1977ஆம் ஆண்டு நியமத்தின்படி, எண் அவ்விடத்துள் அடங்காதபோது உடுக்குறிகளே அச்சாகும். அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தின் ஆதரவில் 1959இல் கூடிய குழுவினர் வகுத்த கோபோல் மொழியும் வணிகத் தொகைகளின் உருவத்தை எழுத்துக்கு எழுத்து முன்வரைந்தது. இங்கெல்லாம் புலத்தின் இடத்தைத் தேடவேண்டிய தேவையே இல்லை. இடம் முந்தியது, எழுத்து பிந்தியது.

இந்நிலையான இடம் ஒரே அரசின், ஒரே அலுவலகத்தின் எழுத்து மரபை முற்கோளாகக் கொண்டிருந்தது. மென்பொருள் உலகச் சந்தைக்குரிய பண்டமானபோது அம்முற்கோள் தகர்ந்தது. அமெரிக்காவில் 12,345,678.90 என எழுதப்படுவது ஜேர்மனியில் 12.345.678,90 ஆகிறது. இலட்சம், கோடி என எண்ணும் இந்திய மரபில் அதுவே 1,23,45,678.90 ஆகிறது. திகதியில் அமெரிக்கர் மாதத்தையும் பிரித்தானியர் நாளையும் யப்பானியர் ஆண்டையும் முதலில் எழுதுவர். ஆகவே புலம் எங்கே நிற்கும் என்பதை எழுதி முடித்த பின்னரே கூறமுடியும் என்ற நிலை உருவாயிற்று. சி மொழியின் 1989ஆம் ஆண்டு நியமத்தில், இதுவரை எத்தனை வரியுருக்கள் எழுதப்பட்டன என்பதைக் குறித்துக்கொள்ளும் கட்டளை ஒன்று இருந்தது. ஆனால் அது எண்ணிக்கையை அறிந்ததேயன்றிப் புலத்தின் பெயரை அறியவில்லை.

தரவையும் அதன்மீதான செயலையும் ஒரே அலகாக இணைக்கும் பொருள்நோக்குச் செய்நிரலாக்கமே இதற்கு விடை தந்தது. இம்முறையின் மூலம் ஒஸ்லோவில் ஓலெ-யோஹான் டாலும் கிறிஸ்டன் நைகார்டும் 1960களில் ஆக்கிய சிமுலா மொழியாகும். அதே நைகார்ட் 1970களின் தொடக்கத்தில் நோர்வேயின் இரும்பு, உலோகத் தொழிலாளர் சங்கத்துடன் இணைந்து, புதிய தொழில்நுட்பத்தைத் தொழிலாளர் விளங்கித் தம் நலனுக்காக வழிப்படுத்தப் பணியாற்றினார் என்பது மனங்கொள்ளத்தக்கது.

ஆயினும் புலவிடம் அறியும் பொருள் பரவலான பயன்பாட்டுக்கு வந்தது பெருநிறுவனங்களின் வழியாகவே. அப்பிளும் ஐ.பி.எம்.மும் 1992இல் நிறுவிய டாலிஜென்டில் உருவான பன்னாட்டு வடிவமைப்பு வகுப்புகள், 1997இல் வெளிவந்த ஜாவா 1.1இல் இடம்பெற்றன. அவற்றுள் ஒன்றே ‘ஃபீல்ட்பொசிஷன்’, அதாவது ‘புலவிடம்’. எந்தப் புலம் வேண்டும் என்பதைச் சொல்லி இப்பொருளை வடிவமைப்பானிடம் ஒப்படைத்தால், எழுதி முடிந்ததும் தொடக்கத்தையும் முடிவையும் குறிக்கும் இரண்டு எண்களுடன் அது திரும்பும். பூச்சியத்திலிருந்து எண்ணுகையில், மேற்கூறிய அமெரிக்கத் தொகையின் முழுவெண் 0இல் தொடங்கி 10இல் முடிகிறது. பின்னம் 11இல் தொடங்கி 13இல் முடிகிறது. முழுவெண் முடியும் இடமறிந்தால், அதற்கேற்ப முன்னே வெற்றிடமிட்டுப் புள்ளிகளை நேர்படுத்தலாம். எழுத்துகளின் அகலம் சமமல்லாதபோது அவ்விடம் வரையுள்ள சரத்தின் அகலத்தை அளந்துகொள்ளலாம். இவ்வாறு இடம் விதியாக இருந்த நிலை மாறி, ஒவ்வொரு எழுத்திலும் கண்டறியப்படும் உறவாயிற்று.

இப்பொருள் ஒருமுறை ஒரு புலத்தையே, அதுவும் அதன் முதல் தோற்றத்தையே அறியும். 2002இல் வெளிவந்த ஜாவா 1.4 எல்லாப் புலங்களையும் ஒருங்கே தொடர வழிசெய்தது. ஆனால் அதைவிட ஆழமான குறை ஒன்றுண்டு. ஜாவாவின் தசம வடிவமைப்பான் இலக்கங்களைக் குழுவாக்க ஒரே அளவையே ஏற்கிறது. கடைசியில் மூன்று, அதன்முன் இரண்டிரண்டு என்ற கோடிக் கணக்கை மாதிரியாகக் கொடுத்தாலும், இறுதிக் குழுவின் அளவையே எங்கும் பொருத்தி 12,345,678.90 என்றே அது எழுதும். இந்திய மரபில் முழுவெண் 11இல் முடியவேண்டியிருக்க, ‘புலவிடம்’ 10 என்றே அறிவிக்கும். அறிக்கை பிழையற்றது, ஆனால் அறிக்கையிடப்பட்ட உருவம் வாசகனுடையதன்று. இருவகைக் குழு அளவுகளை ஏற்கும் வடிவமைப்பானை, ஐ.பி.எம். 1999இல் திறந்த மூலமாக வெளியிட்ட ஐ.சி.யூ. நூலகத்திற் காணலாம்.

ஆகவே, நிலையான நிரலிலிருந்து கண்டறியப்படும் புலத்துக்கு வந்தமை முன்னேற்றமே. எனினும் அது முழு விடுதலையன்று. கருவி எவ்வளவு நுட்பமாக இடமறிந்தாலும், எந்த உருவங்கள் எழுதப்படலாம் என்பதை முன்னரே தீர்மானித்தவர்களின் எல்லைக்குள்ளேயே அது இயங்குகிறது. சந்தை தனக்கு வேண்டிய அளவுக்கே பன்மையை ஏற்கிறது. எஞ்சிய பன்மையை உருவாக்குவது, மூலநிரலைத் திறந்து திருத்தும் கூட்டுழைப்பின் பணியாகும். இலட்சமும் கோடியும் எண்ணும் மக்கள் தம் கணக்கைத் தம் உருவிலேயே வாசிக்கும் உரிமை, அவ்வுழைப்பில் அவர்களும் பங்குகொள்வதைப் பொறுத்ததாகும்.