பயிற்சியே பிழைப்பு என்று துணிந்தவர்

சென்ற வாரம் சையத் அப்துல் ரஹீமின் மறைவோடு நிறுத்தியிருந்தோம். 1962-இல் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுத் தங்கத்தை இந்தியாவுக்கு வாங்கித் தந்த அந்த ஐதராபாத்துக்காரர், மறு ஆண்டு ஜூன் மாதம் புற்றுநோய்க்குப் பலியானார். அவருக்குப் பிறகு யார் என்று தேசம் கையைப் பிசைந்துகொண்டிருந்த அதே 1963-இல், கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கிளப்புக்கு 33 வயதில் ஒருவர் பயிற்சியாளராக வந்து சேர்ந்தார். பெயர் அமல் தத்தா.

ரஹீமுக்கும் இவருக்கும் உள்ள முக்கியமான வித்தியாசத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரஹீம் பள்ளி ஆசிரியர். அவருடைய சோற்றுக்குக் கால்பந்து பொறுப்பில்லை. அமல் தத்தாவுக்குப் பயிற்சியைத் தவிர வேறு வருமானம் கிடையாது, அவரே அப்படி வைத்துக்கொண்டார். கையிலிருந்த நிலையான வேலையை விட்டுவிட்டு, கால்பந்து கற்றுக்கொடுத்தே குடும்பம் நடத்துவேன் என்று இறங்கினார். இந்தியாவின் முதல் முழுநேரத் தொழில்முறைப் பயிற்சியாளர் என்று அவரை இன்றும் குறிப்பிடுவது அதனால்தான். அந்தக் காலத்தில் அப்படியொரு தொழிலே நம் நாட்டில் இல்லை.

1930 மே மாதம் பிறந்தவர். ஆட்டக்காரராக அவர் இருந்த இடம் நடுக்களம். அன்றைய பேச்சில் ‘ஹாஃப்’ என்பார்கள், இன்று ‘மிட்ஃபீல்டர்’. கல்யாண வீட்டில் சமையற்கட்டுக்கும் பந்திக்கும் நடுவே நிற்கிற ஆளைப் பார்த்திருப்பீர்கள். எந்த இலைக்குச் சாம்பார் வரவில்லை, உள்ளே எந்த அண்டாவில் சோறு தீர்கிறது, இரண்டும் அவருக்குத்தான் தெரியும். நடுக்கள ஆட்டக்காரரின் வேலையும் அதுதான். முன்னால் கோல் அடிக்கிறவருக்கு எதிரணியின் கோல்கம்பம் தெரியும், பின்னால் நிற்பவருக்குத் தன்னை நோக்கி ஓடிவருகிற ஆள் தெரியும். நடுவே இருப்பவர் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பயிற்சியாளர்களில் நிறையப் பேர் நடுக்களத்திலிருந்து வருவது எனக்கு ஆச்சரியமாகப் பட்டதில்லை.

அமல் தத்தா ஆடிய ஐம்பதுகளின் ஈஸ்ட் பெங்காலுக்கும் நம் தெற்குக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. அந்தப் பத்தாண்டின் தொடக்கத்தில் அந்தக் கிளப்பின் முன்வரிசையே தென்னாட்டு ஆட்கள்தான். வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், சாலே. ‘பஞ்ச பாண்டவர்’ என்று வங்காளிகள் அந்த ஐவரையும் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். அமல் தத்தா அந்த அளவுக்குப் பேர் வாங்கிய ஆட்டக்காரர் அல்லர். 1954-இல் மணிலா ஆசிய விளையாட்டுக்குச் சென்ற இந்திய அணியில் இருந்தார். ஆட்டக்காரராக அவர் எட்டிய உயரம் அது.

அன்றைய கல்கத்தா கிளப்புகளில் பயிற்சியாளர் என்ற நாற்காலிக்கே மதிப்பு குறைவு. அணியில் யார் ஆடுவது என்பதைக் கிளப் செயலாளரும் மூத்த ஆட்டக்காரர்களும் முடிவு செய்வார்கள். பின்னால் இருவர், நடுவே மூவர், முன்னால் ஐவர் என்ற பழைய அடுக்கே வழக்கம். 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று நாம் அடி வாங்கினோம். நம் ஆட்கள் பலர் அன்று வெறுங்காலில் ஆடினார்கள். வெறுங்கால்தான் தோல்விக்குக் காரணம் என்று ஊரெல்லாம் பேசினார்கள். பூட்ஸ் வந்துவிட்டது. ஆனால் களத்தில் யார் எங்கே நிற்பது, பந்து இல்லாதபோது என்ன செய்வது என்று சொல்லிக்கொடுக்க ஆள் வரவில்லை. அமல் தத்தாவை உறுத்தியது அதுதான் என்று அவருடைய பிற்கால வேலையைப் பார்க்கும்போது தெரிகிறது.

அறுபதுகளின் தொடக்கத்தில் சொந்தப் பணத்தில் இங்கிலாந்துக்குப் புறப்பட்டார். அங்கே கால்பந்து சங்கத்தின் பயிற்சியாளர் படிப்பு. அதை நடத்தியவர் வால்டர் வின்டர்பாட்டம். 1946 முதல் 1962 வரை இங்கிலாந்து தேசிய அணியின் மேலாளர், கூடவே அந்நாட்டின் பயிற்சித் துறைக்கே தலைவர். கால்பந்தைப் பாடத்திட்டமாக, வகுப்பறையில் கற்றுக்கொடுக்கலாம் என்று பிடிவாதமாக நம்பியவர் வின்டர்பாட்டம். இங்கிலாந்தின் பெரிய ஆட்டக்காரர்கள் சிலரே அதை ஏற்காமல் முகம் சுளித்த காலம். கல்கத்தாவிலிருந்து கடன்பட்டோ உடன்பட்டோ கடல் கடந்து போன ஒருவருக்கு அந்த வகுப்பு எவ்வளவு பெரிய திறப்பாக இருந்திருக்கும்!

திரும்பி வரும்போது அவர் கொண்டுவந்தது சான்றிதழ் மட்டும் இல்லை. வெளிநாட்டு ஆட்டங்களின் படச்சுருள்களும் புரொஜெக்டரும் கொண்டுவந்தார். தொலைக்காட்சி இல்லாத நாள். உலகக்கோப்பை என்பது செய்தித்தாளில் வரும் நாலு வரி. பிரேசில்காரன் எப்படி ஆடுகிறான் என்று இங்கே பார்த்தவர் எவரும் இல்லை. அமல் தத்தா அந்தக் கருவியைத் தூக்கிக்கொண்டு வங்காளத்தின் சிற்றூர்களுக்கும் கிராமங்களுக்கும் போனார். திரை கட்டி, இருட்டியதும் படத்தை ஓட்டி, ஆட்டத்தை விளக்கினார். இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். நம் பக்கத்தில் டூரிங் டாக்கீஸ் மணலில் உட்கார்ந்து படம் பார்த்த தலைமுறைக்கு அந்தக் காட்சியை விவரிக்கவே வேண்டாம். அங்கே திரையில் ஓடியது கால்பந்து, பக்கத்தில் நின்று பேசியது ஒரு முன்னாள் ஹாஃப். கோப்பைகளை எண்ணி அவரை எடைபோடுகிறவர்கள் இந்தக் கிராமத்து இரவுகளைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

1969-இல் அவர் மோகன் பகானில். 1958 உலகக்கோப்பையில் பிரேசில் ஆடிக்காட்டிய 4-2-4 அடுக்கை அந்த அணிக்குப் பழக்கினார். வலப்பக்கப் பின்கள ஆட்டக்காரர் பபானி ராயைப் பின்னாலேயே நிறுத்தாமல், கோட்டோரமாக ஓடி முன்வரிசையைத் தாண்டிப் போகச் சொன்னார். பின்களத்து ஆள் எதிரணியின் மூலைக்கொடி வரை ஓடுவதா என்று பார்வையாளர்கள் திகைத்தார்கள். இன்று நம் தெருப் பையன்கள்கூட அதை ‘ஓவர்லேப்’ என்று சாதாரணமாகச் சொல்கிறார்கள். அந்த ஆண்டு ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதியாட்டத்தில் மோகன் பகான் தன் பரம வைரியான ஈஸ்ட் பெங்காலை 3-1 என்று வென்றது. பிரணாப் கங்குலி 2 கோல். அந்த வெற்றிக்குப் பிறகுதான் கல்கத்தாவில் பயிற்சியாளரின் பெயரையும் சேர்த்து ஆட்டத்தைப் பேசத் தொடங்கினார்கள் என்பேன்.

பிறகு பி.கே. பானர்ஜி வந்தார். 1972 முதல் ஈஸ்ட் பெங்காலைக் கையில் எடுத்து அள்ளிக் குவித்தார். 1975 ஷீல்டு இறுதியில் மோகன் பகானை 5-0 என்று நொறுக்கிய அணி அவருடையதே. பி.கே. ஒலிம்பிக் அணியின் தலைவராக இருந்தவர், நாடறிந்த முன்கள ஆட்டக்காரர், ரயில்வேக்காரர். பேச்சால் ஆட்டக்காரர்களைத் தட்டி எழுப்புவதில் அவருக்கு இணை இல்லை. அமல் தத்தாவின் வழி வேறு. அவர் கரும்பலகையை நம்பினார். தபேலா வாசிப்பார், அதிலும் கணக்குப் பிசகாத ஆள். ஆட்டம் கற்போருக்காக வங்காளத்தில் நூலும் எழுதினார். இந்த இருவரின் போட்டி கால் நூற்றாண்டு ஓடியது. இடையில் அமல் தத்தா ஒடிசா, கோவா என்று எங்கே கூப்பிட்டார்களோ அங்கே போனார். இந்திய அணிக்கும் கொஞ்ச காலம் பயிற்சியளித்தார். கிளப் நிர்வாகிகளோடு அவருக்கு ஒத்துப்போனதில்லை. மனதில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்கிறவர். வேறு வேலை இல்லாத ஒருவர் அப்படிப் பேசிவிட்டு வெளியேறுவதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்பதை மாதச் சம்பளக்காரர்கள் சுலபமாக உணர முடியாது.

இனி 1997. அமல் தத்தாவுக்கு 67 வயது. மோகன் பகானுக்கு மீண்டும் வந்தார். நடுக்கள ஆட்டக்காரர்களை வைர வடிவில் நிறுத்தி, தாக்குவதையே முதல் வேலையாகக் கொண்ட அடுக்கு ஒன்றைப் புகுத்தினார். ‘டயமண்ட் சிஸ்டம்’ என்று வங்காளப் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. முன்னே நைஜீரியாவின் சீமா ஒகோரி. ஃபெடரேஷன் கோப்பைக் காலிறுதியில் கோவாவின் சர்ச்சில் பிரதர்ஸ் 6-0 என்று சிதறியது. அரையிறுதியில் எதிரே ஈஸ்ட் பெங்கால். அதன் பயிற்சியாளர் பி.கே.

ஜூலை 13, ஞாயிற்றுக்கிழமை, சால்ட் லேக் மைதானம். ஆட்டத்துக்கு முந்தைய நாட்களில் அமல் தத்தா எதிரணி ஆட்டக்காரர்களைப் பெயர் வைத்துக் கேலி செய்தார். சிக்கிமிலிருந்து வந்த 20 வயதுப் பையன் பைச்சுங் பூட்டியாவை ‘சுங் சுங்’ என்றார். கென்யாவின் ஓமோலோவை ‘ஆம்லெட்’ என்றார். அது அவர் செய்திருக்கக்கூடாத காரியம். பி.கே. அந்தக் கேலியையே தன் பிள்ளைகளுக்கு மருந்தாகக் கொடுத்தார்.

மைதானத்துக்குள் 1,31,781 பேர். இந்தியாவில் எந்த விளையாட்டுக்கும் அப்படியொரு கூட்டம் கூடியதில்லை என்றே இன்றுவரை சொல்கிறார்கள். 25-ஆவது நிமிடம் ஈஸ்ட் பெங்காலின் நஜிமுல் ஹக் முதல் கோல் அடித்தார். இடைவேளை முடிந்து வந்ததும் பைச்சுங் ஒன்று. சீமா ஒன்றைத் திருப்பிக் கொடுத்தார். மோகன் பகான் முழு அணியும் முன்னே ஏறியது. ஏற ஏறப் பின்னால் திடல் வெறிச்சோடியது. அந்த வெற்றிடத்துக்குள் கடைசி ஐந்தாறு நிமிடங்களில் பைச்சுங் இரண்டு முறை புகுந்தார். 4-1. அமல் தத்தாவின் அடுக்கு உடைந்தது.

அவர் தோற்றுப்போன ஆட்டம்தான் அவர் பேரைச் சொல்லும்போதெல்லாம் முதலில் வருகிறது. எனக்கு அதில் வருத்தம் உண்டு. லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் மைதானத்துக்கு வந்ததே ஓர் ஆட்ட அடுக்கைப் பற்றிய விவாதத்தால்தான். டீக்கடையில் உட்கார்ந்து நடுக்களத்தில் யார் எங்கே நிற்க வேண்டும் என்று சண்டை போடும் அளவுக்கு ஓர் ஊரைக் கொண்டுவந்தவர் அவர். பி.கே.யின் ஈஸ்ட் பெங்காலும் அந்தக் கோப்பையை வாங்கவில்லை. இறுதியில் கோவாவின் சால்கோகரிடம் தோற்றது. மோகன் பகான் அந்தப் பருவத்தின் தேசிய லீகை வென்றபோது அமல் தத்தா அங்கே இல்லை. பட்டத்தை முடித்துக் கொடுத்தவர் கேரளத்தின் டி.கே. சாத்துண்ணி.

2016 ஜூலை 10 அன்று, 86 வயதில், கொல்கத்தாவில் அமல் தத்தா காலமானார். பி.கே.க்கு அர்ஜுனா, பத்மஸ்ரீ எல்லாம் வந்தன, அவை தகுந்த இடத்துக்கே போயின. ஆனால் பயிற்சியாளர்களுக்கென்றே இந்த நாடு வைத்திருக்கும் துரோணாச்சாரியார் விருதை அமல் தத்தாவுக்கு வழங்காமல் விட்டது பெரிய அநீதி.

நடுக்களத்திலிருந்து பயிற்சிக்கு வந்த இன்னொருவரைப் பார்ப்போம். பிரான்சில் சொந்தக்காரர்கள் உள்ள குடும்பங்கள் நம் புதுச்சேரியில் நிறைய. அதனால் திதியே தேஷாம் பெயரை இங்கே அறிமுகப்படுத்தத் தேவையில்லை. அவரும் நடுக்களத்து ஆள். 1998-இல் பிரான்ஸ் அணித் தலைவராக உலகக்கோப்பை, 2018-இல் பயிற்சியாளராக மறுபடியும். ஓய்வு பெற்ற ஆட்டக்காரர் பயிற்சியாளராவதற்கு அங்கே படிப்பு, உரிமம், சம்பளம் என்று படிக்கட்டு இருக்கிறது. நம் நாட்டிலும் இப்போது அந்தப் படிக்கட்டு வந்துவிட்டது. 2017-இல் மிசோரத்தின் ஐஸ்வால் அணியை ஐ-லீக் சாம்பியனாக்கிய காலித் ஜமீலும் முன்னாள் மிட்ஃபீல்டர்தான். 2025 ஆகஸ்டில் இந்திய அணியே அவர் கைக்கு வந்தது. தேசிய அளவில் வந்த படிக்கட்டு கிராமம் வரை இன்னும் இறங்கவில்லை. வில்லியனூர் பக்கம், எங்கள் ஒதியம்பட்டையும் சேர்த்தே சொல்கிறேன், மாலையில் பிள்ளைகளுக்குப் பந்து பழக்குகிறவர்கள் பகலில் வேறு வேலைக்குப் போகிறார்கள். செங்கல்லை நட்டுக் கோல்கம்பம் ஆக்குகிறார்கள். பந்துக்குக் காற்றடிக்கும் பம்பு வாங்குவதும் அவர்கள் சட்டைப்பையிலிருந்துதான். கொம்யூன் பஞ்சாயத்துகள் தங்கள் மைதானங்களுக்கு உரிமம் பெற்ற பயிற்சியாளர் ஒருவரை மாதச் சம்பளத்தில் வைக்க வேண்டும். கட்டடம் பிறகு வரட்டும், முதலில் ஆள் வேண்டும்.

வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் பழைய நாளில் ஆடிவிட்டுப் பிறகு பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் உங்கள் ஊரில் இருந்தால், அவர்கள் எந்த ஆண்டுகளில் எந்தத் திடலில் பயிற்சி தந்தார்கள் என்ற விவரத்தோடு, பழைய குழுப் படம் இருந்தால் அதையும் சேர்த்து நமக்கு அனுப்புங்கள், இந்தத் தொடரில் இடம் இருக்கிறது. அடுத்த வாரம், 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஆடிய தமிழர் சைமன் சுந்தர்ராஜ் 1973-இல் கேரளத்துக்கு முதல் சந்தோஷ் கோப்பையை வாங்கித் தந்த கதை.