ஒயரைப் பிடுங்கினால் வேகம் ஏன் குறைகிறது? – ஒரு சின்ன வரலாறு

மலர்க் குழுவினர் இந்த முறை என்னிடம் கேட்டது ஹாஸ்டல் நினைவுகள். அதை எழுத என்னைவிடக் கைதேர்ந்தவர்கள் நம் செட்டில் பலர் உண்டு. மெஸ் சாம்பாரைப் பற்றி எப்படியும் மூன்று கட்டுரை வந்துவிடும். நான் எழுதுவது ஒரு கடனைத் தீர்ப்பதற்காக.

சென்ற சந்திப்பில் மதியச் சாப்பாடு முடிந்து மரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். நம் செட் நண்பர் ஒருவர் தன் மகனை அழைத்துக்கொண்டு வந்தார். பையன் பொறியியல் இரண்டாம் ஆண்டு. கையில் ஒரு கேமிங் லேப்டாப். "டேய், நீதானே எலக்ட்ரிகல்காரன், இதைக் கொஞ்சம் பாரு. ஒண்ணேகால் லட்சம், கடன் போட்டு வாங்கினது. சார்ஜர் இருந்தா குதிரை, கழட்டினா ஆமை" என்றார். பையன் ஒரு கார் ரேஸ் ஓட்டிக் காட்டினான். ஒயர் இருந்தபோது திரையில் வினாடிக்கு 100 படங்களுக்கு மேல் ஓடின. பிடுங்கியதும் 30-க்குக் கீழே இறங்கி, கார் திக்கித் திக்கி நகர்ந்தது. கையில் பாயச டம்ளரோடு நான் தீர்ப்புச் சொன்னேன்: "பேட்டரி போச்சு, மாத்திடுங்க."

மாற்றினார்கள். ஒன்பதாயிரம் ரூபாய். ஒரு மாற்றமும் இல்லை. 'இதுதான் வேணும்னு நீ சொல்லித்தானே வாங்கினேன்' என்று அப்பா, 'நான் என்ன பண்ணட்டும்' என்று பையன். ஒரு மாதம் வீட்டில் இருவருக்கும் சரியான பேச்சில்லை என்று பிறகு தெரிந்தது. அதற்கப்புறம்தான் எனக்கு உறைத்து, உட்கார்ந்து படித்தேன். படித்தபோது தெரிந்தது இதுதான்: அந்த லேப்டாப்பில் பழுதே இல்லை. அது செய்தது நாற்பது வருடமாக என்ஜினியர்கள் செய்துவரும் ஒரு பேரம்.

நண்பர்களுக்கு நம் கம்ப்யூட்டர் லேப் நினைவிருக்கும். வாசலில் செருப்பைக் கழற்றி விட்டு, சாமி கும்பிடப் போவதுபோல உள்ளே போவோம். அந்தப் பெட்டிகளின் முகப்பில் 'டர்போ' என்று ஒரு பொத்தான் இருந்ததே, அதை மறந்திருக்க மாட்டீர்கள். 1981-ல் வந்த ஐபிஎம் பிசியின் வேகம் 4.77 மெகாஹெர்ட்ஸ். அதற்காக எழுதிய பல கேம்கள், பிற்பாடு வந்த வேகமான மெஷின்களில் கண் மூடித் திறப்பதற்குள் ஓடி முடிந்துவிடும். ஆகவே டர்போவை அணைத்து மெஷினை வேண்டுமென்றே மெதுவாக்கி விளையாடுவோம். வேகத்தைக் குறைப்பது அன்று நம் விரலில் இருந்தது. இன்று மெஷின் நம்மைக் கேட்காமலே செய்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

பேட்டரி பக்கம் வருவோம். அதே 1981-ல் வந்த ஆஸ்போர்ன் 1 என்பதைத்தான் கையில் தூக்கிச் செல்லும் கம்ப்யூட்டர்களில் விற்பனையில் பெயர் வாங்கிய முதலாவது என்பார்கள். எடை சுமார் 11 கிலோ. கைப்பிடி இருந்தது, உள்ளே பேட்டரி இல்லை! 1983-ல் வந்த டிஆர்எஸ்-80 மாடல் 100 நேர் எதிர். நம் டார்ச் லைட்டில் போடும் சின்ன சைஸ் பேட்டரி நாலு போதும், ஏறக்குறைய 20 மணி நேரம் ஓடும். எப்படி? எட்டு வரி மட்டும் காட்டும் திரை, பின்னால் விளக்கு கிடையாது, மின்சாரத்தை மிகக் குறைவாகக் குடிக்கும் சீமாஸ் வகைச் சில்லு. பத்திரிகை நிருபர்கள் அதைக் கொண்டாடினார்கள்.

விளையாட்டுக்கு வந்தால், இந்தக் கதையின் நாயகர் ஜப்பானியரான குன்பெய் யோகோய். நின்டெண்டோ கம்பெனி சீட்டுக்கட்டு செய்துகொண்டிருந்த காலத்தில், 1965-ல், மெஷின் பராமரிப்பு வேலைக்குச் சேர்ந்தவர். அவர் குழு 1989-ல் கொண்டுவந்ததுதான் கேம் பாய். நம் ஊர்க் கடைத்தெருவில் நாம் பார்த்தது அதன் ஏழைத் தம்பியான 'பிரிக் கேம்' மட்டும்தான்.

கேம் பாயில் வண்ணம் இல்லை. நாலே நாலு சாயல். திரைக்கு விளக்கு இல்லை, ராத்திரியில் ஜன்னலோரம் தெருவிளக்கைத் தேட வேண்டும். மறு வருடமே, 1990-ல், சேகா கம்பெனி கேம் கியரை இறக்கியது. பளபளவென்று வண்ணத்திரை, பின்னால் குழல் விளக்கு. பார்த்தவுடன் யாரும் சேகாவைத்தான் எடுப்பார்கள். ஆனால் அது ஆறு பேட்டரியைப் போட்டால் 3 முதல் 5 மணி நேரத்தில் காலி செய்யும். கேம் பாயோ நாலு பேட்டரியில் 15 மணி நேரம், சில சமயம் அதற்கு மேலும் ஓடும். பையன்கள் பாக்கெட் மணியில் பேட்டரி வாங்குகிறவர்கள் என்பதை யோகோய் மறக்கவில்லை. கேம் கியர் சுமார் ஒரு கோடி விற்றது. கேம் பாயும் அதன் வண்ண வாரிசும் சேர்ந்து 11 கோடியே 86 லட்சம். நல்ல கேம்களும் காரணம்தான், மறுக்கவில்லை. ஆனாலும் குறைவாகக் கேட்டு நிறைய நேரம் ஓடியது ஜெயித்தது.

லேப்டாப் தயாரித்தவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. மேஜை கம்ப்யூட்டர் செய்வதையெல்லாம் மடியிலும் செய்ய வேண்டும் என்று ஜனங்கள் எதிர்பார்த்தார்கள். 1991-ல் சோனி லித்தியம்-அயான் பேட்டரியை விற்பனைக்குக் கொண்டுவந்ததும் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது. இருந்தாலும் சில்லுகளின் பசி பேட்டரியைவிட வேகமாக வளர்ந்தது.

2000 ஜனவரியில் இன்டெல் 'ஸ்பீட்ஸ்டெப்' என்ற முறையை மொபைல் பென்டியம் 3-ல் கொண்டுவந்தது. ஒயர் இருந்தால் 650 மெகாஹெர்ட்ஸ், 1.6 வோல்ட். பிடுங்கினால் 500 மெகாஹெர்ட்ஸ், 1.35 வோல்ட். இதுதான் நம்ம பையன் லேப்டாப்பின் நேர் மூதாதை. இதில் ஒரு கணக்கு இருக்கிறது, கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள். சில்லு செலவழிக்கும் மின்சாரம் வேகத்தோடு நேர் விகிதத்தில் ஏறும். வோல்டேஜோடு அதன் வர்க்கத்தில் ஏறும். வேகத்தைக் குறைத்தால் வோல்டேஜையும் குறைக்கலாம். 650-லிருந்து 500 என்றால் வேகத்தில் கால்வாசிக்குச் சற்றுக் குறைவான இழப்பு. 1.6-ன் வர்க்கம் 2.56, 1.35-ன் வர்க்கம் 1.82. இரண்டையும் சேர்த்துப் பெருக்கினால் செலவு 55 சதவீதத்துக்கு இறங்குகிறது. கால் பங்கைக் கொடுத்துவிட்டு ஏறக்குறைய பாதியைத் திரும்ப வாங்கும் வியாபாரம்! எந்த வட்டிக்கடையில் கிடைக்கும்?

அதே மாதம் டிரான்ஸ்மெட்டா என்ற சிறிய கம்பெனி குரூசோ என்ற சில்லை அறிவித்தது. லினக்ஸ் புகழ் லினஸ் டோர்வால்ட்ஸ் அங்கேதான் வேலை பார்த்தார். ஒயர் இருக்கிறதா இல்லையா என்பதோடு நிற்காமல், வேலை எவ்வளவு என்று பார்த்து நொடிக்கு நொடி வேகத்தையும் வோல்டேஜையும் ஏற்றி இறக்கும் முறை அதில் இருந்தது. கம்பெனி நிலைக்கவில்லை. யோசனை நிலைத்தது, இன்று உங்கள் பையில் இருக்கும் செல்போனும் அப்படித்தான் ஓடுகிறது.

கடிதம் டைப் அடிக்கிறவருக்கு இந்தக் குறைப்பெல்லாம் கண்ணில் படாது. விளையாடுகிறவனுக்குத்தான் படும். அதுவும் படம் வரையத் தனிச் சில்லு வைத்த கேமிங் லேப்டாப்பில் நன்றாகவே படும். காரணம் எளிது. அந்தப் பையனின் சார்ஜர் 230 வாட், செங்கல் மாதிரி கனம். பேட்டரியோ 80 வாட்-மணி. அதற்கு மேல் பெரிதாக வைத்துவிடலாமே என்றால், விமானத்தில் தனி அனுமதி இல்லாமல் கொண்டுபோகும் பேட்டரிக்கு 100 வாட்-மணி என்று வரம்பு. எந்தக் கம்பெனியும் அதைத் தாண்டத் தயங்கும். 230 வாட்டையும் பேட்டரியிலிருந்தே எடுத்தால் 20 நிமிடத்தில் காலி. அத்தோடு 15 வோல்ட் பேட்டரியிலிருந்து 15 ஆம்பியர் உருவினால் செல்கள் சூடாகும், ஆயுள் தேயும். ஆகவே தயாரிப்பாளரே மதர்போர்டுக்குள் ஒரு கடிவாளம் போட்டுவிடுகிறார். விண்டோஸில் போய் 'முழு வேகம்' என்று வைத்தாலும் அந்தக் கடிவாளம் அவிழாது. பையன் அதைத்தான் திரும்பத் திரும்ப வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான், பாவம். புது பேட்டரி போட்டாலும் அதே கதைதான் என்பது எனக்கு அன்றே தெரிந்திருக்க வேண்டும்.

இதற்கு வழி சொன்னது 2014-ல் என்விடியா. 'பேட்டரி பூஸ்ட்' என்று பெயர் வைத்தார்கள். பெயரைப் பார்த்தால் ஏதோ டானிக் கொடுப்பதுபோல இருக்கிறது. செய்வது அதற்கு நேர்மாறு. பேட்டரியில் ஓடும்போது வினாடிக்கு 30 படம் போதும் என்று வரம்பு கட்டிவிடுவது. வரம்பு இல்லாவிட்டால் சில்லு, முடிந்த மட்டும் வரைந்து தள்ளும், மூச்சு வாங்கும், கடிவாளம் இழுக்கும், 50 படம், 22 படம், 41 படம் என்று தாறுமாறாகப் போகும். கண்ணுக்குத் திக்கலாகத் தெரிவது இந்தத் தாறுமாறுதான். வரம்பு கட்டினால் சில்லு குறைந்த வேகத்தில், குறைந்த வோல்டேஜில் நிதானமாக ஓடும். மேலே போட்ட வர்க்கக் கணக்கு மறுபடி உதவிக்கு வரும்.

அதன் பிறகு வந்தவர்கள் இதை வெளிப்படையாகவே செய்தார்கள். 2017-ல் வந்த நின்டெண்டோ ஸ்விட்ச், டிவியோடு சேர்த்தால் படச்சில்லை 768 மெகாஹெர்ட்ஸில் ஓட்டும். கையில் எடுத்தால் பாதி, சில சமயம் அதற்கும் கீழே. 2022-ல் வந்த ஸ்டீம் டெக்கில் படங்களின் எண்ணிக்கையையும் சில்லின் வாட்டையும் கட்டுப்படுத்தும் திருகு, விளையாட்டின் நடுவிலேயே விரலுக்கு எட்டுகிறது. நம் டர்போ பொத்தான்தான் புது உருவத்தில்!

அந்தப் பையனை ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச் சொன்னேன். 'அங்கிள், எல்லாம் பார்த்துட்டேன்' என்று அலுப்போடுதான் வந்தான். திரை 120 ஹெர்ட்ஸ். படத்துக்கு வினாடிக்கு 40 என்று வரம்பு வைத்தோம். 120-ஐ 40-ஆல் வகுத்தால் மூன்று. ஒவ்வொரு படமும் திரையில் சரியாக மூன்று முறை நிற்கும். 50 வைத்தால் கணக்கு இடிக்கும். அப்புறம் கேமுக்குள் திரை அளவை 1440-லிருந்து 1080-க்கு இறக்கினோம். வரைய வேண்டிய புள்ளிகள் 37 லட்சத்திலிருந்து 21 லட்சமாகக் குறைந்தன. நிழலையும் பிரதிபலிப்பையும் ஒரு படி தணித்தோம். ஒயரைப் பிடுங்கினான். கார் திக்கவில்லை. முன்பு முக்கால் மணி நேரம் வந்தது, அன்று ஒன்றரை மணி தாண்டியும் ஓடிக்கொண்டிருந்தது. காபி ஆறிப்போனது இருவருக்கும் தெரியவில்லை.

இரவே அவன் அப்பா போன் செய்தார். "என்னடா பண்ணினே? பையன் எனக்கு ஒரு மணி நேரம் வோல்டேஜ் பாடம் எடுத்துட்டான்" என்றார். அந்த ஒன்பதாயிரத்தை நானே கொடுக்கிறேன் என்றேன். கழற்றிய பழைய பேட்டரி நன்றாகத்தான் இருந்திருக்கிறது, கடைக்காரர் எடுத்துக்கொண்டார் என்று சொல்லிச் சிரித்தார். பணத்தை வாங்க மறுத்துவிட்டார். இந்த வருடச் சந்திப்பில் பந்திக்கு ஐஸ்கிரீம் செலவு என்னுடையது என்று முடிவாயிற்று.