பத்திரமும் பதிவேடும்

நிலம் கைமாறும்போது விலையினும் முதன்மையாக எழவேண்டிய வினா ஒன்றுண்டு: விற்பவர்க்கு விற்கும் உரிமை உண்மையாகவே உள்ளதா? வில்லங்கமற்ற அவ்வுரிமையை உறுதிசெய்ய மனிதன் மேற்கொண்ட முயற்சிகளே நிலச் சட்டத்தின் வரலாறு எனலாம்.

ஆங்கிலேயரின் பழைய முறையில் பத்திரங்களே சான்றாயின. உரிமையாளர் யாரிடம் வாங்கினார், அவர் யாரிடம் வாங்கினார் எனப் பின்னோக்கித் துருவிச் செல்லவேண்டும். இடையில் ஒரு பத்திரம் பொய்யாயினும் அதன்மேல் எழுந்த உரிமை ஆட்டங்காணும். பினாங்கிலும் மலாக்காவிலும் இப்பத்திர முறை நெடுங்காலம் நிலவியது.

இதற்கு மாற்றுக் கண்டவர் ராபர்ட் டோரன்ஸ். தென் ஆஸ்திரேலியாவில் சுங்க அதிகாரியாகப் பணியாற்றிய அவர், கப்பலின் உரிமை பதிவேட்டால் உறுதிபெறுவதை அறிந்திருந்தார். நிலத்திற்கும் அம்முறையே ஏற்றது என வாதிட்டார். 1858இல் அது சட்டமாயிற்று. அரசுப் பதிவேட்டில் பெயருள்ளவரே உரிமையாளர். பழம் பத்திரங்களைத் தேடும் சுமை நீங்கியது. ஆஸ்திரேலியா சென்று இதனை ஆராய்ந்த வில்லியம் மேக்ஸ்வெல் மலாய் மாநிலங்களுக்குப் பரிந்துரைத்தார். சிலாங்கூர் 1891இல் ஏற்றது. 1966 ஜனவரி 1இல் தேசிய நிலச் சட்டம் நடப்புக்கு வரவே, தீபகற்பம் முழுவதும் இம்முறையின்கீழ் வந்தது.

ஆயினும் பதிவேட்டையே ஒருவன் ஏமாற்றினால்? பினாங்கு தஞ்சோங் பூங்காவில் தாய்லாந்துப் பெண்மணி ஒருவருக்கு உரிய நிலத்தை, ஆள்மாறாட்டம் செய்த ஒருவர் போலி ஆவணங்களைக் காட்டி விற்றுவிட்டார். வஞ்சனை அறியாது விலை கொடுத்து வாங்கியவரின் உரிமையே நிலைக்கும் எனக் கூட்டரசு நீதிமன்றம் 2000இல் தீர்ப்பளித்தது. விற்காத நிலத்தை உரியவர் இழந்தார்; மறுஆய்வு கோரிய முயற்சியும் பலிக்கவில்லை.

2010 ஜனவரி 21இல், குவாந்தான் நிலம் பற்றிய வேறொரு வழக்கில், அத்தீர்ப்பு பிழையென அதே நீதிமன்றம் அறிவித்தது. தேசிய நிலச் சட்டத்தின் 340ஆம் பிரிவின்படி, போலிப் பத்திரத்தால் நேரடியாக உரிமை பெற்றவர், தாம் குற்றமற்றவராயினும் அதனை இழக்க நேரும். அவரிடமிருந்து நல்லெண்ணத்துடன் விலை கொடுத்து அடுத்து வாங்குபவருக்கே சட்டத்தின் காப்பு உண்டு.

வாங்குவோரின் நம்பிக்கையைக் காப்பதும் உரியவரின் உடைமையைக் காப்பதும் சட்டத்தின் இரு கடமைகள். ஒன்றை மட்டுமே பேணினால் மற்றது நலியும். பதிவேடு எத்துணைத் திருத்தமாயினும், அதில் எழுதப்படும் பெயருக்குரியவர் இவர்தாமா எனக் கேட்டறியும் விழிப்பே நிலவுரிமையின் முதற்காவல்.