எடைக் குறைப்பு இலக்கு

எடைக் குறைப்பு இலக்கு என்பது, உடல் எடையைக் குறைக்க முனைபவர் தாம் எட்ட வேண்டிய எடையையோ, குறைக்க வேண்டிய அளவையோ, அதற்கான கால எல்லையையோ முன்கூட்டியே வகுத்துக்கொள்வதைக் குறிக்கும். தொடக்க எடையில் 5 முதல் 10 விழுக்காடு குறைவதையே மருத்துவ வழிகாட்டுதல்கள் பெரும்பாலும் நியாயமான முதல் இலக்காகக் கொள்கின்றன. 80 கிலோ எடையுள்ளவருக்கு இது 4 முதல் 8 கிலோ. சிகிச்சைக்கு வருவோர் மனத்தில் வைத்திருக்கும் எண்ணோ இதைப்போல் மூன்று மடங்குக்கும் மேல் இருக்கிறது. இதைப் பேராசை என்றும், எட்ட முடியாமல் போனால் மன உறுதி போதவில்லை என்றும் சொல்வது வழக்கம். இலக்கின் வரலாற்றைப் பார்த்தால் அந்த விளக்கம் நிற்பதில்லை. பெரிய எண் மக்கள் மனத்தில் தானாக முளைக்கவில்லை. ஆயுள் காப்பீட்டு அட்டவணை, வானியலாளர் ஒருவரின் சூத்திரம், கலோரிக் கணக்கு ஆகிய மூன்று இடங்களிலிருந்து அது வந்து சேர்ந்தது. இம்மூன்றில் எதுவும், உடல் இளைக்க முயலும் மனிதர்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்து உருவானதன்று.

இவை தனி மனிதரின் இலக்காக மாறுவதற்கு முன்பே அச்சேறிய ஒரு சான்று இங்கே கவனத்துக்குரியது. லண்டனில் சவ அடக்க ஏற்பாட்டுத் தொழில் செய்த வில்லியம் பான்டிங், தாம் இளைத்த கதையை 1863-இல் ஒரு சிறு நூலாக வெளியிட்டார். உயரம் சுமார் 165 செ.மீ.; 1862 ஆகஸ்டில் எடை 202 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 92 கிலோ. குனிந்து செருப்பு வார் கட்ட முடியவில்லை. மாடிப்படியில் பின்பக்கமாகத்தான் மெல்ல இறங்க முடிந்தது. படகு வலித்தும் நீராவிக் குளியல் எடுத்தும் பல ஆண்டுகள் பலனின்றிப் போயின. காது கேளாமைக்காக வில்லியம் ஹார்வி என்ற மருத்துவரிடம் போனவருக்கு, ரொட்டி, சர்க்கரை, உருளைக்கிழங்கு, பீர் ஆகியவற்றை விலக்கும் உணவுமுறை கிடைத்தது. ஓராண்டுக்குச் சற்று மேலான காலத்தில் 46 பவுண்டு, சுமார் 21 கிலோ குறைந்தார். தேதி வாரியாகத் தம் எடையை அவர் நூலிலேயே பட்டியலிட்டிருக்கிறார்; சராசரி வாரத்துக்கு 400 கிராம்கூட இல்லை. சுவீடிஷ் மொழியில் ‘உணவைக் குறைத்து இளைத்தல்’ என்பதற்கு இன்றும் வழங்கும் ‘பான்டா’ என்ற வினைச்சொல் இவர் பெயரிலிருந்து வந்ததே. செருப்பு வார் கட்டுவதும் படியில் நேராக இறங்குவதும் அவருக்கு அளவுகோல்கள், இரண்டும் கைகூடின. கடைசியாக அவர் எட்டிய 71 கிலோவை இன்றைய வரையறையில் வைத்தால், அவர் அப்போதும் ‘அதிக எடை’ வகுப்பிலேயே இருப்பார். இன்றைய இலக்குப் பட்டியல் ஒன்று அவர் கையில் இருந்திருந்தால், இருபத்தோரு கிலோ குறைந்த அந்த மனிதர் தம்மைத் தோற்றவராகவே எண்ணியிருக்கக்கூடும்.

முதல் ஊற்றான காப்பீட்டு அட்டவணை வந்தது அமெரிக்காவில். மெட்ரோபாலிட்டன் ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தின் புள்ளியியலாளர் லூயி டப்ளின், பாலிசி எடுத்தவர்களின் எடையையும் இறப்பையும் ஒப்பிட்டு, 1942-இல் பெண்களுக்கும் 1943-இல் ஆண்களுக்கும் ‘இலட்சிய எடை’ப் பட்டியல்களை வெளியிட்டார். ஒவ்வொரு உயரத்துக்கும் சிறிய, நடுத்தர, பெரிய உடற்கட்டு என மூன்று பத்திகள் இருந்தன. யார் எந்தக் கட்டு என்று அளந்தறியும் முறை எதுவும் தரப்படவில்லை. ஒரே உயரமுள்ளவர்களின் எடைகளை மூன்று கூறாகப் பிரித்து, கூறுக்கு ஒரு பெயர் சூட்டியிருந்தார்கள், அவ்வளவே. எடை என்பதும் வெறும் உடலின் எடையன்று. 1959 பட்டியலில் உயரம் காலணியோடும் எடை வீட்டு உடையோடும் கணக்கிடப்பட்டன. பெண்களின் காலணிக் குதிகாலுக்கு இரண்டு அங்குலம் ஒதுக்கியிருந்தார்கள். பாலிசிதாரர்களில் ஒரு பகுதியினரின் எடை, தராசில் நிறுத்ததன்று. அவர்களே வாய்மொழியாகச் சொன்னது. ‘இலட்சிய எடை’ என்ற சொல் 1959-இல் ‘விரும்பத்தக்க எடை’ ஆயிற்று; 1983-இல் அந்த அடைமொழியும் போய், எடைகளும் சற்று உயர்த்தப்பட்டன. முழங்கை எலும்பின் அகலத்தைக் கொண்டு உடற்கட்டை அறியும் வழி அப்போதுதான் சேர்ந்தது. பிரீமியம் நிர்ணயிக்கப் பயன்பட்ட இந்தத் தரவு மருத்துவமனைச் சுவர்களிலும் எடை பார்க்கும் எந்திரங்களிலும் ஏறி, ஒவ்வொருவருக்கும் ‘இருக்க வேண்டிய எடை’ ஒன்று உண்டு என்ற எண்ணத்தை நிலைநிறுத்தியது.

இரண்டாவது ஊற்று ஒரு சூத்திரம். பெல்ஜிய வானியலாளர் அடோல்ஃப் கெத்லே 1830-களில் ‘சராசரி மனிதன்’ என்ற கருத்தை வகுத்தபோது, வளர்ந்தவர்களின் எடை உயரத்தின் வர்க்கத்தை ஒட்டி அமைவதைக் கண்டார். அவர் பருமனை ஆராயவில்லை. மக்கள் தொகையின் அளவுகள் எப்படிப் பரவியிருக்கின்றன என்பதே அவர் கேள்வி. 1972-இல் அமெரிக்க உடலியலாளர் ஆன்செல் கீஸும் உடன் ஆய்வாளர்களும் ஐந்து நாடுகளைச் சேர்ந்த சுமார் 7,400 ஆண்களின் அளவுகளைச் சோதித்து, எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் எண்ணுக்கு உடல் நிறைக் குறியெண் எனப் பெயரிட்டனர். பி.எம்.ஐ. என்று இன்று எல்லோர் வாயிலும் புழங்குவது இதுவே. மக்கள்குழுக்களை ஒப்பிடக் கொள்ளப்பட்ட ஒரு கருவி தனி மனிதரின் இலக்காக மாறியதும், அதன் எல்லைக்கோடுகள் பெரும் பொருள் பெற்றன. அமெரிக்காவில் அதுவரை ஆண்களுக்கு 27.8 ஆகவும் பெண்களுக்கு 27.3 ஆகவும் இருந்த அதிக எடை எல்லை 1998-இல் 25 ஆக்கப்பட்டது. இரண்டு கோடிக்கும் மேற்பட்டோர் எடை கூடாமலே அதிக எடையினர் ஆயினர். ஆசிய மக்களுக்குக் குறைந்த எடையிலேயே நீரிழிவு வருவதால், 2004-இல் வெளியான உலகச் சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு அறிக்கை 23-ஐயும் 27.5-ஐயும் கூடுதல் எல்லைகளாகக் குறித்தது. இந்திய மருத்துவர்களின் 2009-ஆம் ஆண்டு ஒருமித்த வழிகாட்டுதல் 23-க்கு மேல் அதிக எடை, 25-க்கு மேல் பருமன் என்றது. 165 செ.மீ. உயரமுள்ளவருக்கு, உலக அளவுகோலில் 68 கிலோ வரை இயல்பு. இந்திய அளவுகோலில் 62.6 கிலோவுக்கு மேல் அதிகம். நோய் ஆபத்தை மதிப்பிட இந்த வேறுபாடு அவசியமானது. ஆனால் ஆபத்தை அறியும் கோடு வேறு, ஒருவர் எட்ட வேண்டிய கோடு வேறு. இரண்டையும் ஒன்றாக்கியதுதான் பிழை.

மூன்றாவது ஊற்று கலோரிக் கணக்கு. நியூயார்க் மருத்துவர் மாக்ஸ் விஷ்னோஃப்ஸ்கி, ஒரு பவுண்டு உடல் எடைக்கு 3,500 கிலோகலோரி என்ற சமன்பாட்டை 1958-இல் நிறுவினார். கிலோவுக்குச் சுமார் 7,700. கொழுப்புத் திசுவின் ஆற்றல் மதிப்பு என்ற அளவில் இது தவறன்று. இதை நாட்காட்டியில் போட்டுப் பெருக்கும்போதுதான் சிக்கல். நாளொன்றுக்கு 500 கிலோகலோரி குறைத்தால் ஓராண்டில் 23.7 கிலோ குறைய வேண்டும். அதே கணக்கில் மூன்றாண்டில் 71 கிலோ. 85 கிலோ எடையுள்ளவருக்கு எஞ்சுவது 14 கிலோ! உடல் அப்படி நடந்துகொள்வதில்லை. எடை குறையக் குறைய அது செலவிடும் ஆற்றலும் குறைகிறது. இதைக் கீஸின் மின்னசோட்டா ஆய்வே காட்டியிருந்தது: 1944 இறுதியில் தொடங்கிய அதில் 36 இளைஞர்கள் 24 வாரம் அரைப்பட்டினி கிடந்து, எடையில் கால் பங்கை இழந்தனர், அவர்களது ஓய்வுநிலை ஆற்றல் செலவு ஏறத்தாழ 40 விழுக்காடு வீழ்ந்தது. அமெரிக்கத் தேசிய நலவாழ்வுக் கழகத்தைச் சேர்ந்த கெவின் ஹாலும் குழுவினரும் 2011-இல் வெளியிட்ட கணிப்பு முறை இந்தச் சுருக்கத்தையும் சேர்த்துக்கொண்டது. அதன்படி, நிலையாக 24 கிலோகலோரி குறைத்தால் நாளடைவில் ஒரு கிலோ குறையும். அதில் பாதிக்கு ஓராண்டும், 95 விழுக்காட்டுக்கு மூன்றாண்டும் ஆகும். முன்சொன்ன 500 கிலோகலோரிக்கு முதலாண்டில் கிடைப்பது 24 கிலோவன்று, 10 கிலோ சொச்சம். பழைய கணக்கை நம்பியவர் பத்தாம் மாதத்தில் தம்மையே சந்தேகிக்கிறார். தவறு கணக்கில் இருக்கிறது.

இம்மூன்றும் சேர்ந்து மனத்தில் ஊன்றிய எண் எவ்வளவு பெரியது என்பதை கேரி ஃபாஸ்டரும் தாமஸ் வாடனும் உள்ளிட்டோர் 1997-இல் வெளியிட்ட ஆய்வு அளந்தது. பருமனுக்குச் சிகிச்சை பெற வந்த 60 பெண்களிடம் நான்கு எடைகளைச் சொல்லச் சொன்னார்கள்: கனவு எடை, மகிழ்ச்சி தரும் எடை, ஏற்கத்தக்க எடை, ஏமாற்றம் தரும் எடை. அவர்கள் வகுத்த இலக்கு தொடக்க எடையில் 32 விழுக்காடு குறைவதாக இருந்தது. 48 வாரச் சிகிச்சையில் சராசரியாக 16 கிலோ குறைந்தார்கள். மருத்துவர் எவரும் மெச்சும் விளைவு அது. ஆயினும் 47 விழுக்காட்டினர், தாங்களே ஏமாற்றம் எனக் குறித்த எடையைக்கூட எட்டவில்லை.

சிறிய இலக்கால் உடலுக்கு என்ன பயன் என்ற கேள்விக்குத் தெளிவான விடை உண்டு. 2002-இல் முடிவு வெளியான அமெரிக்க நீரிழிவுத் தடுப்புத் திட்டத்தில் 3,234 பேர் பங்கேற்றனர். வாழ்க்கைமுறைக் குழுவின் இலக்குகள் இரண்டே: எடையில் 7 விழுக்காடு குறைதல், வாரம் 150 நிமிடம் உடலுழைப்பு. 94 கிலோ சராசரியில் தொடங்கியவர்கள் சராசரியாக 5.6 கிலோவே குறைந்தார்கள். நீரிழிவு வருவதோ 58 விழுக்காடு குறைந்தது. அதைவிட வியப்புக்குரியது சென்னையில் மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006-இல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்புத் திட்டம். நீரிழிவின் வாசலில் இருந்த 531 பேரில், உணவும் நடைப்பயிற்சியும் அறிவுறுத்தப்பட்ட குழுவில் நோய் வருவது 28.5 விழுக்காடு குறைந்தது. அவர்களது எடை குறிப்பிடும்படி குறையவே இல்லை. தராசு முள் அசையாதபோதும் உடலுக்குள் மாற்றம் நடக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று நம் பக்கத்தில் இல்லை. நடைப்பயிற்சி தொடங்கி மூன்று மாதத்தில் எடை குறையவில்லை என்று நிறுத்திவிடுபவர்களுக்கு இந்த ஒரு முடிவையாவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

மறுப்புகளும் உள்ளன. 2013-இல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழில் வெளியான கட்டுரை, எட்டத்தக்க இலக்கு வைக்காவிட்டால் மனம் சோர்ந்து குறைவாக இளைப்பார்கள் என்ற கருத்தை ஆதாரமற்ற நம்பிக்கைகளுள் ஒன்றாக வகைப்படுத்தியது. பெரிய இலக்கு வைத்தவர்கள் சில ஆய்வுகளில் அதிகமாகவே இளைத்திருக்கிறார்கள். ஆனால் அத்தகைய சராசரிகள் கடைசிவரை நின்றவர்களையே பெரிதும் காட்டுகின்றன. இத்தாலியப் பருமன் சிகிச்சை மையங்களில் நடந்து 2005-இல் வெளியான ஆய்வில், ஓராண்டில் அதிகம் குறையும் என எதிர்பார்த்து வந்தவர்களே இடையில் விலகுவது மிகுந்திருந்தது. மெதுவாகக் குறைத்தால்தான் நிலைக்கும் என்ற எதிர்ப்பக்க நம்பிக்கையும் சோதனையில் நிற்கவில்லை. மெல்பர்னில் 204 பேரிடம் நடந்து 2014-இல் வெளியான ஆய்வில், 12 வாரத்தில் வேகமாகக் குறைத்தவர்களும் 36 வாரத்தில் மெதுவாகக் குறைத்தவர்களும் மூன்றாண்டுக்குள் இழந்த எடையில் சுமார் 71 விழுக்காட்டைத் திரும்பப் பெற்றார்கள். ஆக, கேள்வி வேகத்தைப் பற்றியதன்று. குறைந்த பிறகு வரும் ஆண்டுகளைப் பற்றியது. இலக்கில் அந்த ஆண்டுகளுக்கும் இடம் இருக்க வேண்டும். எட்டு கிலோ குறைத்து ஆறைத் தக்கவைப்பதாக வகுத்த இலக்கு, இருபதைக் குறைப்பதாக மட்டும் வகுத்த இலக்கைவிட முழுமையானது.

தொடர்ச்சி பற்றிய சான்றும் இதையே சொல்கிறது. நீரிழிவு உள்ள 5,145 பேரிடம் நடந்து 2012-இல் நிறுத்தப்பட்ட ‘லுக் அஹெட்’ ஆய்வில், தீவிர வாழ்க்கைமுறைக் குழு முதலாண்டில் 8.6 விழுக்காடு குறைந்து, பிறகு ஓரளவு ஏறி, முடிவில் 6 விழுக்காடு குறைவில் நின்றது. இதயநோயைத் தடுக்கும் என்ற நோக்கம் அதில் நிறைவேறவில்லை; ஆனால் எடை மீள்வது தோல்வியன்று, இயல்பான போக்கின் ஒரு கட்டம் என்பது உறுதியாயிற்று. ரீனா விங்கும் ஜேம்ஸ் ஹில்லும் 1994-இல் தொடங்கிய அமெரிக்கத் தேசிய எடைக் கட்டுப்பாட்டுப் பதிவேட்டில், குறைந்தது 13.6 கிலோ குறைத்து ஓராண்டாவது காத்தவர்கள் சேர்கிறார்கள். வாரம் ஒருமுறையாவது எடை பார்ப்பது, நாளும் ஏறத்தாழ ஒரு மணி நேரம் உழைப்பது, வாரநாளிலும் விடுமுறையிலும் ஒரே மாதிரி உண்பது ஆகியவை அவர்களிடம் பரவலாக உள்ளன. தாமே முன்வந்து சேர்ந்தவர்கள் என்பதால் இதை எல்லோருக்கும் பொருத்த முடியாது. ஆனால் நிலைத்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதற்கு இதுவே பெரிய ஆவணம். பழக்கம் படிய எத்தனை நாள் என்பதை லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 96 பேரிடம் பார்த்து 2010-இல் வெளியிட்டார்கள். நடுமதிப்பு 66 நாள். ஆனால் ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை வேறுபட்டது. ஒரு நாள் விட்டுப்போவதால் பழக்கம் படிவது குறிப்பிடும்படி பாதிக்கப்படவில்லை. தீபாவளிப் பலகாரமும் கல்யாணப் பந்தியும் தொடர்ச்சியை முறிப்பதில்லை. மறுநாள் காலை நடக்கப் போகாமல் ‘இனி அவ்வளவுதான்’ என்று விட்டுவிடுவதே முறிக்கிறது.

அண்மைக்காலத்தில் செமாக்ளூட்டைட் போன்ற ஊசி மருந்துகள் இலக்கின் அளவையே மாற்றியுள்ளன. 2021-இல் வெளியான ஆய்வில் 68 வாரத்தில் சராசரியாக 14.9 விழுக்காடு எடை குறைந்தது. மருந்தை நிறுத்திய ஓராண்டில் அதில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது.