அனுமதி கேட்டு நுழைவோம்

நிரல் எழுதப் பழகும் பிள்ளைகள், "ஹேக்கிங் கற்றுக்கொள்ளலாமா?" என்று கேட்டால் பெற்றோருக்குப் பகீரென்கிறது. இந்தச் சொல்லின் வரலாற்றை அறிந்தால் பயம் தெளியும்.

1960-களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில், கணினியைத் துருவிப் பார்த்துப் புதுமை செய்பவரே ஹேக்கர். 1988 நவம்பர் 2-இல் ராபர்ட் மோரிஸ் என்ற மாணவர் இணையத்தில் விட்ட நிரல், அவர் எண்ணியதைவிட வேகமாகப் பெருகிப் பல்லாயிரம் கணினிகளை முடக்கியது. 1990-இல் குற்றவாளியானார்.

2000 மே மாதம் 'ஐ லவ் யூ' வைரஸ் பிலிப்பீன்ஸிலிருந்து உலகெங்கும் பரவியது. சந்தேக நபர் பிடிபட்டும், தண்டிக்க அங்கே சட்டமில்லாததால் வழக்கு கைவிடப்பட்டது.

நம் நாடோ 1997-லேயே கணினிக் குற்றச் சட்டத்தை இயற்றியது. 2000 ஜூன் 1-இல் அது நடப்புக்கு வந்தது. அனுமதியில்லை என்று தெரிந்தே அடுத்தவர் கணினிக்குள் நுழைந்தால் 50,000 வெள்ளி வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை அல்லது இரண்டும். எதையும் திருடாவிட்டாலும் குற்றம்தான். "சும்மா பார்த்தேன்" என்பது அங்கே எடுபடாது.

பால்மரக் காடாக இருந்த கெடாவில் 1996-இல் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வாசலருகே வந்த வாய்ப்பு அது. ஆர்வத்தை அடக்காதீர்கள், திசை காட்டுங்கள். பைத்தான் மொழி இலவசம். சொந்தக் கணினியில் எழுதட்டும், அதையே உடைத்துப் பார்க்கட்டும். 1985-இல் நம் முத்து நெடுமாறன் உருவாக்கிய 'முரசு' தமிழைக் கணினியில் ஏற்றியது. அதுவும் துருவிப் பார்த்த ஆர்வம்தானே!