குரொய்ட்ஸ்பெர்க்: மேட்டுக்குடியாக்கமும் குடியிருப்போர் எதிர்ப்பும்

குரொய்ட்ஸ்பெர்க், ஜெர்மனியின் தலைநகரான பெர்லினில் உள்ள ஒரு நகர்ப்பகுதி. துருக்கியிலிருந்து வேலைக்கு வந்த குடும்பங்கள் செறிந்து வாழ்ந்ததால் ‘சின்ன இஸ்தான்புல்’ எனப் பெயர் பெற்றது. நகர நிர்வாகம் கைவிட்ட வீடுகளைத் தம் உழைப்பால் வாழத்தக்கதாக்கிய மக்கள், அப்பகுதியின் மதிப்பு உயர்ந்ததும் வாடகை கட்ட முடியாமல் வெளியேறும் நிலைக்கு ஆளாயினர். அதை எதிர்த்து அவர்கள் நடத்திவரும் போராட்டம் ஐரோப்பிய நகர வரலாற்றில் முக்கிய இடம் பெற்றுள்ளது.

சொல்லும் பொருளும்

உழைப்பாளர் வாழும் பகுதியில் வசதி படைத்தோர் குடியேற, வாடகையும் மனை விலையும் ஏறி, பழைய குடிகள் படிப்படியாக வெளியேற நேர்வதே மேட்டுக்குடியாக்கம். இதற்கான ஆங்கிலச் சொல்லான ‘ஜென்ட்ரிஃபிகேஷன்’ என்பதைச் சமூகவியலாளர் ரூத் கிளாஸ் 1964இல் லண்டன் நகரைப் பற்றி எழுதும்போது உருவாக்கினார்.

குடியேற்றம்

1961 ஆகஸ்ட் 13 அன்று பெர்லின் சுவர் எழுந்தது. நகரின் நடுவில் இருந்த குரொய்ட்ஸ்பெர்க் ஒரே நாளில் மேற்கு பெர்லினின் ஓரமாயிற்று. அதே ஆண்டு அக்டோபர் 30 அன்று மேற்கு ஜெர்மனியும் துருக்கியும் தொழிலாளர் ஒப்பந்தம் செய்துகொண்டன. அதன்படி வந்தவர்கள் ‘விருந்தினர் தொழிலாளர்’ எனப்பட்டனர். சில ஆண்டுகளில் திரும்பிவிடுவார்கள் என்பதே அரசின் கணக்கு.

அவர்களுக்குக் கிடைத்தவை நிலக்கரி அடுப்பும், மாடிப்படித் திருப்பத்தில் பொதுக் கழிப்பறையும் கொண்ட பழைய அடுக்கு வீடுகள். நெடுஞ்சாலைக்காகவும் புதிய கட்டடங்களுக்காகவும் அவ்வீடுகளை இடித்துத்தள்ள நகரம் திட்டமிட்டிருந்தது. இடிக்கப்போகும் வீட்டைப் பழுதுபார்க்க உரிமையாளர்கள் முன்வரவில்லை. இடிக்கும்வரை வாடகையை மட்டும் வாங்கிக்கொண்டனர். 1975இல், குரொய்ட்ஸ்பெர்க் உள்ளிட்ட மூன்று வட்டங்களில் வெளிநாட்டவர் புதிதாகக் குடியேறவும் தடை விதிக்கப்பட்டது.

சீரமைப்புப் போராட்டம்

இடிப்புக்காகக் காலியாக விடப்பட்ட வீடுகளில் 1980, 1981 ஆண்டுகளில் இளைஞர்கள் புகுந்து, கூரையையும் குழாய்களையும் தாமே பழுதுபார்த்து வாழத் தொடங்கினர். 1981இல் மேற்கு பெர்லினில் இப்படி 150க்கும் மேற்பட்ட கட்டடங்கள் இருந்தன; அவற்றில் பல குரொய்ட்ஸ்பெர்க்கில். இந்த அழுத்தத்தால் நகரம் தன் கொள்கையை மாற்றிக்கொண்டது. கட்டடக் கலைஞர் ஹார்ட்-வால்தர் ஹேமர் தலைமையில் ‘கவனமான நகரச் சீரமைப்பு’ என்ற முறை உருவானது. அதன் 12 நெறிகளில் முதன்மையானது, அங்கு வாழ்வோரையும் தொழில் செய்வோரையும் கலந்தே திட்டமிட வேண்டும் என்பது. வீடுகள் நின்றன, குடும்பங்களும் நின்றன.

வாடகை உயர்வின் காரணங்கள்

1989 நவம்பரில் சுவர் திறக்கப்பட்டதும் ஓரப்பகுதி மீண்டும் நகர மையமாயிற்று. மறுபுறம், மானியத்தால் தாக்குப்பிடித்த மேற்கு பெர்லின் ஆலைகள் மூடப்பட, முதலில் வேலையிழந்தவர்களில் துருக்கியத் தொழிலாளர்கள் மிகுதி. வருமானம் இறங்கிய இடத்தில்தான் வாடகை ஏறத் தொடங்கியது.

அரசின் முடிவுகளும் இதற்கு வழிவகுத்தன. மானியக் குடியிருப்புகளுக்கான தொடர் உதவியை 2003இல் பெர்லின் நிறுத்தியது. 2004இல், ஏறத்தாழ 65,000 வீடுகளைக் கொண்ட பொது நிறுவனமான ஜி.எஸ்.டபிள்யூ விற்கப்பட்டது; அதைச் செர்பெரஸ், கோல்ட்மேன் சாக்ஸ் ஆகியவற்றின் முதலீட்டு நிதிகள் 40.5 கோடி யூரோவுக்கு வாங்கின. அதன் 150 கோடி யூரோவுக்கு மேலான கடனையும் வாங்கியவர்கள் ஏற்றனர். பெர்லின்வாசிகளில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் வாடகைக்குக் குடியிருப்பவர்கள் என்பதால் இதன் தாக்கம் எங்கும் பரவியது.

எதிர்ப்பு இயக்கங்கள்

2012 மே மாதம், ‘கொட்டி’ என மக்கள் அழைக்கும் கொட்புசர் டோர் சந்திப்பில், மானியக் குடியிருப்புவாசிகள் வாடகை உயர்வை எதிர்த்து மரப்பலகைகளால் ஒரு குடிலை எழுப்பினர். அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘கெஜெகொண்டு’. துருக்கி நகரங்களின் விளிம்பில் ஏழைகள் இரவோடு இரவாகக் கட்டிக்கொள்ளும் வீட்டைக் குறிக்கும் சொல் அது. ‘கொட்டி அண்ட் கோ’ என்ற இவ்வமைப்பில் துருக்கியத் தாய்மாரும் ஜெர்மானிய அண்டை வீட்டாரும் ஒன்றாகத் தேநீர் அருந்தி, முறைவைத்துக் காவல் இருந்தனர். ஓசையெழுப்பி ஊர்வலம் சென்றனர்.

2015இல், வ்ராங்கெல் தெருவில் 1987 முதல் நடந்துவந்த ‘பிசிம் பக்கால்’ என்ற காய்கனிக் கடையைக் காலி செய்ய அறிவிப்பு வந்தது. ‘எங்கள் மளிகைக்கடை’ என்பது அப்பெயரின் பொருள். ஜெர்மன் சட்டம் வீட்டு வாடகைதாரருக்குத் தரும் பாதுகாப்பைக் கடைக்காரருக்குத் தருவதில்லை. அண்டை வீட்டார் வாரந்தோறும் தெருவில் திரண்டனர். ‘பிசிம் கீட்ஸ்’, அதாவது ‘எங்கள் பேட்டை’, என்ற இயக்கம் பிறந்தது. அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. ஆயினும் மறு ஆண்டு கடை மூடப்பட்டது. பழைய துணைமின்நிலையக் கட்டடத்தில் கூகுள் நிறுவனம் அமைக்கவிருந்த தொழில்முனைவோர் வளாகமும் எதிர்ப்புக்கு உள்ளானது. 2018 அக்டோபரில் அத்திட்டத்தைக் கைவிட்டு, இடத்தைச் சமூக அமைப்புகளுக்கு விட்டுக்கொடுப்பதாக நிறுவனம் அறிவித்தது.

சட்ட வழிகள்

பழைய குடிகள் வெளியேறாமல் காக்கச் சட்டப்படி அறிவிக்கப்பட்ட சமூகப் பாதுகாப்புப் பகுதிகளில் ஒரு கட்டடம் விற்கப்படும்போது அதை முந்தி வாங்கும் உரிமையை வட்ட நிர்வாகம் பரவலாகப் பயன்படுத்தியது. குரொய்ட்ஸ்பெர்க் கட்டடம் ஒன்றைப் பற்றிய வழக்கில் 2021 நவம்பரில் கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் இந்நடைமுறையை முடக்கியது. 2020இல், தனி மாநிலமுமான பெர்லின் கொண்டுவந்த வாடகை உச்சவரம்புச் சட்டத்தை, மாநிலத்துக்கு அந்த அதிகாரம் இல்லையெனக் கூறி, 2021 ஏப்ரலில் அரசியலமைப்பு நீதிமன்றம் ரத்து செய்தது. அன்று மாலையே ஆயிரக்கணக்கானோர் பாத்திரங்களைத் தட்டியபடி கொட்டியை நோக்கி நடந்தனர்.

2021 செப்டம்பர் 26 அன்று நடந்த பொது வாக்கெடுப்பில், 3,000க்கு மேல் வீடுகள் வைத்திருக்கும் தனியார் நிறுவனங்களின் குடியிருப்புகளைப் பொதுவுடைமையாக்க 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாக்களித்து வென்றனர். ஆனால் அவ்வாக்கெடுப்பு அரசைச் சட்டப்படி கட்டுப்படுத்துவதன்று. அவ்வாறு பொதுவுடைமையாக்குவது சட்டப்படி இயலும் என்று 2023இல் அரசின் நிபுணர் குழுவும் தெரிவித்தது.

விளைவு

கொட்டியில் ஏறத்தாழ 300 வீடுகள் கொண்ட பெரிய கட்டடத்தைத் தனியார் வாங்கவிருந்த நிலையில், குடியிருப்போர் எதிர்ப்புக்குப் பின் 2017இல் பொது நிறுவனமான கெவோபாக் வாங்கியது. 2021இல் பெர்லின் அரசு 14,000க்கும் மேற்பட்ட வீடுகளைத் தனியாரிடமிருந்து 240 கோடிக்கும் மேலான யூரோ கொடுத்து மீட்டது. கொட்டியின் வேறு பல வீடுகளும் அவற்றில் அடங்கும். முன்பு 65,000 வீடுகளை விட்டுக்கொடுத்தபோது, கடனையும் சேர்த்து, அந்நகரத்துக்குக் கிடைத்தது அதைவிடக் குறைவு.