சன்னியும் மறதிநோயும் பிரிந்த வரலாறு

தேங்காய்ப்பட்டணம் போன்ற ஒரு கடற்கரை ஊரில் எழுபத்தைந்து வயதுப் பெரியவர் ஒருவர் இருப்பதாகக் கொள்வோம். நேற்று முன்தினம் வரை திண்ணையில் அமர்ந்து கிழிந்த வலையைச் செப்பனிட்டவர். இன்றோ மகனைப் பார்த்து, என்றோ இறந்துபோன தம்பியின் பெயரைச் சொல்லி அழைக்கிறார். இரவெல்லாம் உறங்காமல், கடலுக்குப் போகவேண்டும் என்று எழுந்து நிற்கிறார். “பாட்டாவுக்கு வயதாகிவிட்டது, புத்தி தடுமாறுகிறது” என்கிறார்கள் வீட்டார். இது சரிதானா? இக்கேள்விக்குத் தெளிவான விடை காண மருத்துவ உலகுக்கு ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் ஆயின.

கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமாபுரியில் வாழ்ந்த செல்சஸ் என்பவரின் மருத்துவ நூலில் ‘டெலிரியம்’ என்ற சொல் காணப்படுகிறது. லத்தீன் மொழியில் ‘லிரா’ என்பது உழவுச்சால். சாலைவிட்டு விலகிய ஏரைப்போல மனம் நெறி தவறுவதையே அச்சொல் குறித்தது. நம் நாட்டார் இதனைச் சன்னி என்றனர். கடுங்காய்ச்சலில் நோயாளி பிதற்றினால் ‘சன்னி கண்டுவிட்டது’ என்று இன்றும் சொல்லக் கேட்கிறோம். பண்டைய கிரேக்க மருத்துவர்கள் இதில் இரு வகைகளைக் கண்டிருந்தனர். ஒன்றில் நோயாளி கத்துவார், எழுந்து ஓடுவார். மற்றொன்றில் சோர்ந்து, பேச்சற்று, மயங்கிக் கிடப்பார்.

முதுமையில் மெல்ல மெல்ல வரும் அறிவுத் தேய்வு வேறொன்று. 1901ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட் நகர மருத்துவமனையில் அகஸ்டே டெட்டர் என்னும் பெண்மணி சேர்க்கப்பட்டார். அப்போது அவருக்கு வயது 51தான். அவரைக் கவனித்த மருத்துவர் ஆலோய்ஸ் அல்சைமர், 1906இல் அவர் இறந்தபின் மூளையை நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். உயிரணுக்களுக்கு வெளியே படிவுகளையும், உள்ளே சிக்குண்ட நூல்போன்ற இழைகளையும் கண்டார். 1910இல் கிரெப்பெலின் தம் பாடநூலில் இந்நோய்க்கு அல்சைமரின் பெயரையே சூட்டினார்.

இனி இயற்பியலின் பங்கைப் பார்ப்போம். 1924இல் ஹான்ஸ் பெர்கர் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலாகப் பதிவு செய்தார். இவற்றின் மின்னழுத்தம் ஒரு வோல்ட்டின் பத்து லட்சத்தில் சில பத்துப் பங்குகளே. விழித்திருப்பவர் கண்களை மூடி அமைதியாக இருக்கையில் இவை நொடிக்கு 8 முதல் 13 முறை அதிரும். 1940களில் அமெரிக்க மருத்துவர்கள் ரொமானோவும் எங்கெலும் டெலிரியம் கண்ட நோயாளிகளிடம் இவ்வலைகளை அளந்தனர். மனம் குழம்பும்போது அலைகள் மெதுவாயின. நோயாளி தேறியபோது அவையும் விரைவு பெற்றன. அதாவது, மூளையின் இயக்கம் தற்காலிகமாகத் தளர்ந்திருக்கிறது, அது மீளக்கூடும்.

1955இல் இங்கிலாந்தில் மார்ட்டின் ராத், மனநோய் மருத்துவமனையில் சேர்ந்த முதியோரை ஐந்து வகையாகப் பிரித்து, பின்னர் அவர்கள் என்ன ஆனார்கள் என்று ஆராய்ந்தார். திடீர்க் குழப்பம் கண்டவர்களுள் பலர் குணமாகி வீடு திரும்பியிருந்தனர். இருவகை நோயாளிகளின் முடிவும் வேறுவேறு என்பது இவ்வாறு எண்ணிக்கையால் உறுதியாயிற்று.

நம் மாநிலமும் இவ்வரலாற்றில் பின்தங்கவில்லை. மதுரையில் வெங்கோபராவ் முதியோரின் மனநலத்தை ஆராய்ந்தார். சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1978இல் வி. எஸ். நடராஜன் முதியோருக்கெனப் புறநோயாளர் பிரிவைத் தொடங்கினார். ராஜ்குமார் குழுவினர் திருப்போரூர்ப் பகுதியில் அறுபது வயது கடந்த 750 பேரை ஆராய்ந்து, 3.5 விழுக்காட்டினருக்கு மறதிநோய் இருப்பதாக 1997இல் வெளியிட்டனர். இந்த எண்ணை நினைவில் வையுங்கள். அறுபது வயது கடந்தோரில் மிகப் பெரும்பாலோர்க்கு மறதிநோய் இல்லை. ஆகவே, ‘வயதானால் அப்படித்தான்’ என்ற பேச்சுக்கு ஆதாரம் இல்லை.

இவ்விரண்டையும் வீட்டில் எப்படிப் பிரித்தறிவது? ‘எப்போது தொடங்கியது?’ என்று கேளுங்கள். மறதிநோய் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் வளரும். டெலிரியம் சில மணி நேரத்தில் அல்லது சில நாள்களில் தோன்றும். காலையில் தெளிவு, இரவில் குழப்பம் என மாறிமாறி வரும். சிறுநீர்த் தொற்று, நுரையீரல் அழற்சி, உடலில் நீர் வற்றுதல், இரத்தத்தில் சோடியம் அல்லது சர்க்கரை குறைதல், புதிதாகத் தொடங்கிய மாத்திரை, அறுவைச் சிகிச்சை ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று காரணமாகலாம். முதியவர்களுக்குத் தொற்று இருந்தும் காய்ச்சல் தெரியாமல் போவதுண்டு. எனவே காய்ச்சலைக் கொண்டே சன்னியை அறிந்த நம் பழக்கம் இங்கே ஏமாற்றிவிடும். பேசாமல் படுத்துக் கிடக்கும் வகையோ கண்ணிலேயே படாது. மறதிநோய் உள்ளவர்க்கும் டெலிரியம் எளிதில் வரும் என்பதால், அவரது நிலை திடீரென மோசமானாலும் காரணத்தைத் தேடவேண்டும்.

1999இல் அமெரிக்காவில் ஷரோன் இனோயே குழுவினர், எழுபது வயதும் அதற்கு மேலும் ஆன 852 உள்நோயாளிகளைக் கொண்டு ஓர் ஆய்வை வெளியிட்டனர். கண்ணாடியும் காதுக்கருவியும் அணிவித்தல், போதிய நீர் தருதல், எழுந்து நடக்கச் செய்தல், இரவில் உறங்கவிடுதல், நாளையும் இடத்தையும் நினைவூட்டுதல் போன்ற கவனிப்பைப் பெற்றவர்களில் 9.9 விழுக்காட்டினர்க்கே டெலிரியம் வந்தது. வழக்கமான கவனிப்பில் அது 15 விழுக்காடு.

உங்கள் வீட்டுப் பெரியவரின் பேச்சோ நடத்தையோ ஓரிரு நாளில் மாறினால், அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அவர் உட்கொள்ளும் மாத்திரைகள் அனைத்தையும் எடுத்துச் செல்லுங்கள். குழப்பம் தொடங்கிய நாளையும் வேளையையும் மறவாமல் சொல்லுங்கள்.